ஏஜென்ட் வைக்காம ஈசூன்ல நாலறை வீடு வாங்குனோம்: எச்டிபி ரீசேல் போர்ட்டல் பத்தி என் ரிவ்யூ

எச்டிபின்னா சிங்கப்பூர் அரசோட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதோட பழைய வீடுங்கள வாங்க விக்க இருக்கற இணையதளம்தான் இந்த ரீசேல் போர்ட்டல். முதல்லயே மார்க் போட்டுடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிக்கலாம். காகித வேலைக்கு அஞ்சுக்கு நாலரை. வீடு பாக்கற வேலைக்கு மார்க்கே கிடையாது, ஏன்னா அந்த வேலைய போர்ட்டல் செய்யறதே இல்ல, அது முழுக்க முழுக்க நம்ம தலையில. இது ரெண்டும் வேற வேறன்னு எனக்கு ஆரம்பத்துல தெரியல, தெரிஞ்சிருந்தா ஒரு விஷயத்துல மாட்டியிருக்க மாட்டேன், அத கடைசில சொல்றேன்.

கணக்கு இதுதான். எங்க வீட்டு விலை 520,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வாங்கறவங்க பக்கம் ஏஜென்ட் வச்சா வழக்கமா கேக்கறது 1 சதவீதம், அதாவது 5,200, ஜிஎஸ்டி போடற ஏஜென்சியா இருந்தா அதுக்கு மேல 9 சதவீதம், ஆக 5,668 வெள்ளி. இந்த 1 சதவீதம் எந்த சட்டத்துலயும் எழுதி வச்சது இல்லைங்க, பேசிக் குறைக்கலாம், ஆனா எங்கள மாதிரி ஆளுங்க பேச கூச்சப்பட்டுக்கிட்டு தலையாட்டிட்டு வந்துடுவோம். என் கணவரோட ஆபீஸ்ல ஒரு அண்ணன் முந்தின வருஷம் ஏஜென்ட் இல்லாம உட்லண்ட்ஸ்ல வாங்குனாரு, "சிங்பாஸ் இருக்குல்ல, பொறுமை இருக்குல்ல, அப்புறம் என்னம்மா"ன்னு சொன்னாரு. சிங்பாஸ், அதான் அரசு இணையச் சேவைக்கான அடையாளக் கணக்கு, அது இருந்துச்சு.

போர்ட்டல் 2018 ஜனவரிலருந்து இருக்கு. முதல் படி எச்எஃப்இ கடிதம், அதாவது எச்டிபி குடுக்கற தகுதிக் கடிதம், 2023 மே மாசத்துலருந்து இதுதான் எல்லாத்துக்கும் வாசல்படி. நீங்க வாங்கத் தகுதியா, எவ்வளவு மானியம், எச்டிபி கடன் எவ்வளவு, மூணும் ஒரே கடிதத்துல வந்துடுது. சம்பள விவரமெல்லாம் மைஇன்ஃபோலருந்து (அரசுகிட்ட நம்மளப்பத்தி இருக்கற தகவல்) பெரும்பாலும் அதுவா எடுத்துக்குது, எங்களுக்கு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. இது கையில இல்லாம விக்கறவங்ககிட்ட ஆப்ஷன் (வீட்ட வாங்கற உரிமைப் பத்திரம்) வாங்கக் கூடாது, அதனால வீடு பாக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. பிடிச்ச வீட்ட பாத்துட்டு அப்புறம் கடிதத்துக்கு காத்திருக்கறது இருக்கே, அது கொடுமை.

இங்கயே ஒரு விஷயம். எச்டிபி கடன் எடுத்தா சிபிஎஃப் (சம்பளத்துலருந்து பிடிக்கற கட்டாய சேமிப்பு) சாதாரணக் கணக்குல இருக்கற காச எல்லாத்தையும் வழிச்சு வீட்டுல போட்டுடுவாங்கன்னுதான் பலபேர் நினைக்கிறாங்க. ஆளுக்கு 20,000 வெள்ளி வரைக்கும் விட்டு வைக்கலாம். வேலை போச்சுன்னா மாசத் தவணைக்கு அதுதான் கை குடுக்கும். நாங்க ரெண்டு பேரும் விட்டு வச்சோம், என் தங்கச்சிக்கு இது தெரியாம மொத்தமா போட்டுட்டா, இப்ப புலம்பறா.

கடன் அளவும் இப்ப முன்ன மாதிரி இல்ல, 2024 ஆகஸ்ட் 20லருந்து எச்டிபி கடன் 75 சதவீதம்தான், அதுக்கு முந்தி 80. வட்டி 2.6. பேங்க்ல அத விட குறைச்சு குடுக்கறப்ப மனசு அலைபாயும், எச்டிபிலருந்து பேங்குக்கு மாறலாம், பேங்குக்குப் போனவங்க திரும்ப எச்டிபிக்கு வர முடியாது, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. எங்க வீட்டுல மாசச் சம்பளம் ரெண்டும் சேத்து 9,000த்த தாண்டிடுச்சு, அதனால அதுக்குள்ள இருக்கறவங்களுக்கான பெரிய மானியம் கிடையாது, ஆனா 14,000க்குள்ள இருந்ததால முதல் தடவ வாங்கற குடும்பத்துக்கான 80,000 கிடைச்சுது. நாலறை வரைக்கும்தான் அந்த 80,000, ஐந்தறைக்குப் போனா 50,000 ஆயிடும். இவருக்கு ஐந்தறை ஆசை. 30,000 வெள்ளிக்கு ஒரு ரூமான்னு கேட்டேன், அடங்கிட்டாரு.

இனி வீடு பாத்த கதை.

விளம்பரத்துல முதல்ல கண்ணுல பட்டது ஈசூன்ல ஒரு நாலறை, விலை நம்ப முடியாத அளவுக்கு கம்மி, "உரிமையாளர் அவசரம்"னு போட்டிருந்துச்சு. போன் போட்டா "அது இப்பதான்மா முடிஞ்சுது, ஆனா அதே புளோக்ல இன்னொன்னு இருக்கு"ன்னு 60,000 வெள்ளி அதிகமா ஒண்ண காட்டுனாரு ஒரு ஏஜென்ட். அடுத்த வாரமும் அந்த "முடிஞ்ச" வீடு விளம்பரத்துல அப்படியே இருந்துச்சு, போட்டோவுல ஜன்னலுக்கு வெளிய தெரிஞ்ச மரத்த பாத்தா ஈசூன் மாதிரியே இல்ல. தேக்கா மார்க்கெட்ல வாழையிலை கட்டுல மேல மட்டும் நல்லதா வச்சு கட்டித் தருவாங்கள்ல, அதே வித்தைதான். 2024 மே மாசத்துலருந்து எச்டிபியே மறுவிற்பனை வீடுகள விளம்பரம் பண்ண ஒரு பகுதி வச்சிருக்கு, விக்கறதுக்கு பதிவு பண்ணவங்கதான் அதுல போட முடியும், எச்எஃப்இ கடிதம் இருக்கறவங்கதான் பாக்க நேரம் கேக்க முடியும். வீடுங்க எண்ணிக்கை வெளி விளம்பரங்கள விட கம்மிதான், ஆனா இல்லாத வீட்ட காட்டற வேலை அங்க நடக்காது.

ரெண்டாவது வீடு எனக்கு ரொம்ப பிடிச்சுது. மூலை வீடு, காத்து அள்ளிக்கிட்டுப் போகுது, எதுத்தாப்ல பார்க். 1986ல குத்தகை ஆரம்பிச்ச வீடு, நாங்க பாத்தது 2025ல, அப்ப 99 வருஷக் குத்தகையில மிச்சம் 60. இவருக்கு 36, எனக்கு 33. வாங்கறவங்கள்ல வயசுல சின்னவங்களுக்கு 95 வயசு வர்ற வரைக்கும் குத்தகை மிச்சம் இருக்கணும், அப்பதான் சிபிஎஃப்ப முழுசா எடுக்க விடுவாங்க, 2019 மேலருந்து இதுதான் விதி. 33ம் 60ம் கூட்டுங்க. 93. ரெண்டே ரெண்டு வருஷம்! காப்பிக் கடையில உக்காந்து டிஷ்யூ பேப்பர்ல கூட்டிப் பாத்துட்டு ரெண்டு பேரும் பேசாம இருந்தோம். கம்மியாச்சுன்னா சிபிஎஃப்பும் முழுசா எடுக்க முடியாது, எச்டிபி கடனும் அந்த விகிதத்துல குறையும், அந்த ஓட்டைய கைக்காசுல அடைக்கணும். எங்கிட்ட ஏது அவ்வளவு கைக்காசு. இந்த வீட்ட காட்டுன ஏஜென்ட் (விக்கறவங்க ஏஜென்ட்தான், எனக்கு சொல்லணும்னு அவருக்கு என்ன) இதப்பத்தி ஒரு வார்த்தை பேசல. போர்ட்டல்ல கணக்கு போட்டப்பதான் தெரிஞ்சுது, அதுக்கு நன்றி. பழைய வீட்டோட விலை கம்மியா இருக்கேன்னு போறவங்க முதல்ல இந்த கூட்டல போட்டுட்டு அப்புறம் பஸ் ஏறுங்க.

மூணாவது அங் மோ கியோல. வீடு நல்லா இருந்துச்சு, எம்ஆர்டி ரயில் பக்கம், மார்க்கெட் பக்கம். ஆனா மாமியார் வீடு ஈசூன்ல. பெத்தவங்க வீட்டுலருந்து 4 கிலோமீட்டருக்குள்ள வாங்குனா 20,000 வெள்ளி மானியம், கூடவே ஒரே வீட்டுல இருந்தா 30,000. அங் மோ கியோ வீடு 4 கிலோமீட்டர தாண்டிடுச்சு. இதுக்கு கூகள் மேப்ப நம்பாதீங்க, எச்டிபியோட வரைபடத்துலயே ரெண்டு முகவரியையும் போட்டா உள்ளயா வெளியயான்னு சொல்லிடும். இவரு "பரவால்ல, 20,000 தானே"ன்னாரு, நான் சொன்னேன், "அத்தைய கூப்பிட்டு இத அப்படியே சொல்லுங்க, 20,000 போனாலும் பரவால்ல தூரமா போறோம்னு". போனதே இல்ல அந்த வீட்டுக்கு திரும்ப.

நம்ம ஆளுங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது இன ஒதுக்கீடு. 1989லருந்து இருக்கு. ஒரு புளோக்ல இந்தியர் மற்றும் மற்றவங்க சேந்து 15 சதவீதம், வட்டாரத்துல 12 சதவீதம், அதுக்கு மேல போகக் கூடாது. நிறைஞ்சுபோன புளோக்ல சீனரோ மலாய்க்காரரோ விக்கற வீட்ட நம்ம வாங்க முடியாது. இது எல்லாருக்கும் தெரியும், இதனால வீடு கைவிட்டுப் போச்சுன்னு திட்டாத தமிழ்க் குடும்பம் இங்க இருக்காது. ஆனா இதோட மறுபக்கத்த யோசிக்கறவங்க கம்மி. நிறைஞ்ச புளோக்ல ஒரு இந்தியர் விக்கணும்னா அவரும் இந்தியருக்கு, இல்ல அந்த மற்றவங்க பிரிவுல இருக்கறவங்களுக்குத்தான் விக்க முடியும். வாங்க வர்ற கூட்டத்துல பெரும்பகுதி அவங்க வாசலுக்கே வராது. அதனால அந்த வீடுங்க ரொம்ப நாள் விளம்பரத்துலயே கிடக்கும், விலையும் மெல்ல இறங்கும்.

நான் என்ன பண்ணேன்னா, ஈசூன்ல எங்களுக்கு தோதான புளோக்குங்கள ஒவ்வொண்ணா எச்டிபி தளத்துல போட்டு எதுல இந்தியர் ஒதுக்கீடு நிறைஞ்சிருக்குன்னு நோட்டுல எழுதிக்கிட்டேன், அந்த புளோக்குல தமிழ்ப் பேரோ மலையாளப் பேரோ இருக்கற விளம்பரத்த தேடுனேன், வாசல்ல மாவிலைத் தோரணம் இருக்கற போட்டோவா பாத்து தேடுனேன்னு சொன்னா சிரிப்பீங்க ஆனா அதுதான் உண்மை. அப்படி கிடைச்சதுதான் இந்த வீடு. 1992ல குத்தகை ஆரம்பிச்சது, மிச்சம் 66 வருஷம், 33ம் 66ம் 99, அப்பாடா. ஆன்ட்டியும் அங்கிளும் மகன் வீட்டோட போறாங்க, நாலு மாசமா விளம்பரம் போட்டும் நம்மாளுங்க ரெண்டே ரெண்டு குடும்பம்தான் வந்து பாத்துச்சாம். கேட்டது 545,000.

இத எழுதறப்ப ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அவங்க கஷ்டம் எனக்கு லாபமா போச்சு. நாளைக்கு நான் விக்கறப்ப இதே கதவு எனக்கும் குறுகலாத்தான் இருக்கும், அது தெரிஞ்சுதான் வாங்குனேன். அஞ்சு வருஷத்துல வித்துட்டு லாபம் பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கு இந்த வழி சரிப்படாது, இருக்கப் போறவங்களுக்கு மட்டும்.

இன்னொண்ணு, ஒதுக்கீட்டு எண்ணிக்கை ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி மாறும், விண்ணப்பம் போடற நாள்ல இருக்கறதுதான் கணக்கு. சீனர்கிட்டயோ மலாய்க்காரர்கிட்டயோ வாங்கறதா இருந்தா மாசக் கடைசில ஆப்ஷன் எழுதி அடுத்த மாசம் விண்ணப்பம் போட்டா நடுவுல நிறைஞ்சுடவும் வாய்ப்பு இருக்கு. பிஆர் (நிரந்தரவாசி) குடும்பமா இருந்தா, மலேசியர் இல்லாத பிஆருக்கு தனியா இன்னொரு ஒதுக்கீடும் உண்டு, அதுக்கும் முன்னாடி பிஆர் ஆகி மூணு வருஷம் ஆயிருக்கணும். ரெண்டு பேருமே பிஆரா வாங்கறவங்க எச்டிபி மறுவிற்பனை வீடானாலும் முதல் வீட்டுக்கே 5 சதவீதம் கூடுதல் முத்திரை வரி கட்டணும், அத மறந்துட்டு கணக்கு போடாதீங்க.

விலை பேச நான் கொண்டு போனது ஒரே ஒரு பேப்பர். எச்டிபி தளத்துல அதே தெருவுல கடைசியா எந்த மாடி என்ன விலைக்குப் போச்சுன்னு எல்லாமே இருக்கு, காசு கட்ட வேண்டாம். அதுல ஆறு வீட்ட எழுதிக்கிட்டுப் போனேன். ஆன்ட்டியோட ஏஜென்ட் முதல்ல என்கிட்ட, "உங்களுக்கு ஏஜென்ட் இல்லையா, பரவால்ல, நானே உங்களுக்கும் பாத்துக்கறேன், அர சதவீதம் குடுத்தா போதும்"னாரு. ஒரே ஏஜென்ட் ஒரே வியாபாரத்துல ரெண்டு பக்கத்துக்கும் நிக்கக் கூடாது, அது விதிமீறல். நான் சிரிச்சுக்கிட்டே "வேணாம் அண்ணே, நாங்க போர்ட்டல்ல பாத்துக்கறோம்"னேன். அடுத்து இன்னொரு குண்டு. விலை 510,000ன்னு எழுதிக்கலாம், சோஃபா, அலமாரி, ஏர்கான் இதுக்கெல்லாம் தனியா 15,000 கையில குடுத்துடுங்கன்னாரு. கேக்க ஆசையாத்தான் இருக்கும், வரியும் கொஞ்சம் குறையுமேன்னு தோணும். உண்மையான விலையத்தான் எச்டிபிகிட்ட சொல்லணும், பக்கத்துல தனி ஒப்பந்தம் போடறது குத்தம், மாட்டுனா வாங்கறவரும் சேந்துதான் மாட்டுவாரு. அந்த சோஃபாவ நீங்க பாக்கணும், 15,000 வெள்ளி சோஃபாவா அது, ஒரு பக்கம் உக்காந்தா இன்னொரு பக்கம் எந்திரிக்கும்.

கடைசில ஆன்ட்டியே அடுப்படியிலருந்து வந்து, "எவ்வளவும்மா குடுப்பே, நேரா சொல்லு"ன்னாங்க. 515ன்னு சொன்னேன். "அஞ்சு போடு, பால் காய்ச்சறப்ப கூப்பிடு"ன்னாங்க. 520,000.

ஆப்ஷன், அதான் ஓடிபி (போன்ல வர்ற ஓடிபி இல்ல, எங்கம்மா ரெண்டு நாளா அதத்தான் யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க), அதுக்கு 1 வெள்ளிலருந்து 1,000 வெள்ளி வரைக்கும் குடுக்கலாம். நாங்க 1,000 குடுத்தோம். அப்புறம் 21 நாள்ல வாங்கறதா முடிவு பண்ணா இன்னொரு தொகை, ரெண்டும் சேந்து 5,000த்த தாண்டக் கூடாது. இந்தக் காச விக்கறவங்க கையில நேரா குடுக்கணும், ஏஜென்ட் கை படக் கூடாது. எச்டிபி வீட்டு வியாபாரக் காச ஏஜென்ட் தொடறதே தப்பு. யாராவது "என் அக்கவுண்டுக்கு போட்டு விடுங்க, நான் குடுத்துடறேன்"னா அந்த வினாடியே கிளம்பி வந்துடுங்க.

நாங்க கையெழுத்து போட்டது வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. அடுத்த வேலை நாளுக்குள்ள வீட்டோட மதிப்ப கேட்டு விண்ணப்பம் போடணும், கட்டணம் 120 வெள்ளி, ஓடிபியோட முதல் பக்கத்த ஸ்கேன் பண்ணி ஏத்தணும். நான் என்ன பண்ணேன், சந்தோஷத்துல சனிக்கிழமை கோயிலுக்குப் போயி, ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயி, திங்கக்கிழமை மத்தியானம் ஆபீஸ்ல சாப்பிடறப்பதான் ஞாபகம் வந்துச்சு. தொண்டையில சோறு இறங்கல. ஓடிபி வீட்டுல. இவரு லீவு போட்டு ஓடி, போட்டோ எடுத்து அனுப்பி, நான் ஏத்தி முடிக்கறப்ப மணி நாலு. இது மாதிரி இடத்துலதான் ஏஜென்ட்டுக்கு குடுக்கற காசுக்கு அர்த்தம் தெரியும், அவங்க இத மறக்க மாட்டாங்க. போர்ட்டல் என்ன செய்யணும்னு தெளிவா சொல்லும், உங்களுக்கு பதிலா பதறாது.

மதிப்பு 510,000ன்னு வந்துச்சு. 2014 மார்ச்சுக்கு முன்னாடி மதிப்ப தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு மேல எவ்வளவுன்னு பேசுவாங்க, இப்ப விலைய பேசி முடிச்சாத்தான் மதிப்பே தெரியும். 10,000 வித்தியாசம், அதுக்கு கடனும் கிடையாது சிபிஎஃப்பும் கிடையாது, சுத்தமான கைக்காசு. இவரு முகம் வாடிப்போச்சு. நான் முன்னாடியே 15,000 வரைக்கும் ஒதுக்கி வச்சிருந்தேன், அதுக்கு மேல வந்திருந்தா 1,000 வெள்ளிய விட்டுட்டு விலகிக்கறதுன்னு ஓடிபி எழுதறதுக்கு முன்னாடியே பேசி வச்சிருந்தோம். முன்னாடியே பேசி வைக்கணும், அப்புறம் பேசுனா வீட்டு மேல இருக்கற ஆசைதான் பேசும்.

அதுக்கப்புறம் போர்ட்டல் வழுக்கிக்கிட்டுப் போச்சு. நாங்க ஒரு பாதி, ஆன்ட்டி ஒரு பாதி, ஒருத்தர் போட்ட ஏழு நாளுக்குள்ள இன்னொருத்தர் போட்டாகணும். கட்டணம் 80. முத்திரை வரி 10,200, அத சிபிஎஃப்லருந்தே எடுத்துக்கிட்டாங்க. எச்டிபி கடன்ங்கறதால எச்டிபி வக்கீலே பாத்துக்கிட்டாங்க, அதுக்கு ஏறக்குறைய 350 வெள்ளி, வெளி வக்கீல்னா ஆயிரக்கணக்குல ஆயிருக்கும். எச்டிபி விண்ணப்பத்த ஏத்துக்கிட்ட நாள்லருந்து ரெண்டு மாசம் ஆச்சு. தோ பாயோ எச்டிபி மையத்துல கையெழுத்து போட்டு சாவி வாங்குனோம், ஆன்ட்டி சாவிக்கொத்துல இருந்த சின்னப் பிள்ளையார மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டாங்க.

வீட்ட சோதிக்கப் போறப்ப நான் கொண்டு போனது டார்ச், ஒரு வெள்ளி நாணயம், ஒரு கோலிகுண்டு. நாணயத்தால டைல்ஸ தட்டுனா உள்ள பிடிப்பு விட்டுப்போன டைல்ஸ் டொக்குன்னு வேற மாதிரி சத்தம் போடும், அடுப்படியில நாலு அப்படி இருந்துச்சு. குண்ட கழிவறைத் தரையில விட்டா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு தெரியும், எங்க வீட்டுல ஓட்டைய விட்டுட்டு வாசல் பக்கம் ஓடுச்சு. ஜன்னல் ரிவிட்ட பாருங்க, வெளிப்பக்கம் திறக்கற ஜன்னல்ல அலுமினிய ரிவிட் இருந்தா மாத்தியாகணும், 2004லருந்து சட்டம், ஜன்னல் விழுந்தா 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு, அது அப்ப யாரு பேர்ல வீடு இருக்கோ அவங்க தலையில. மெயின் சுவிட்ச்ச பாருங்க, பழைய வீடு சிலதுல 30 ஆம்பியர்தான் இருக்கும், நாலு ரூமுக்கும் ஏர்கான் போடற கனவோட போனா அங்கயே முடிஞ்சுடும். 1989க்கு முந்தின வீடுன்னா குப்பைக் குழாய் அடுப்படிக்குள்ளயே இருக்கும், கரப்பான்பூச்சிக்கு அது எம்ஆர்டி லைன். இதையெல்லாம் எந்த போர்ட்டலும் சொல்லாது, உண்மைய சொன்னா பல ஏஜென்ட்டும் சொல்ல மாட்டாங்க.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒருதடவ போய் பாருங்க, மேற்கு வெயில் எந்த ரூம்ல அடிக்குதுன்னு தெரியும். அத்தை வாசல் எந்தப் பக்கம்னு மட்டும்தான் கேட்டாங்க, வடக்குன்னு சொன்னதும் மத்த எந்தக் கேள்வியும் வரல. ராத்திரி பத்து மணிக்கும் ஒருதடவ போங்க. நாங்க புளோக்குக்கு கீழ இருக்கற திறந்த தளத்துல, அதான் வாயிட் டெக்ல, உக்காந்து அர மணி நேரம் காது குடுத்துக் கேட்டோம்.

மேல பாத்தோம், சுத்திப் பாத்தோம், டார்ச் அடிச்சு நம்ம சீலிங்கல்லாம் பாத்தோம், கறை ஒண்ணுமில்ல. கீழ் வீட்டுக் கதவ தட்டல.

குடிவந்து ரெண்டாவது மாசம், கதவு தட்டுற சத்தம். கீழ் வீட்டு மாச்சிக் (மலாய்க்கார அம்மா), கையில ஒரு தட்டு நிறைய குவே பலகாரம். குடுத்துட்டு ரொம்ப தயக்கமா, கொஞ்சம் கீழ வந்து பாக்கறியான்னு கேட்டாங்க. போனா அவங்க கழிவறை சீலிங்ல பழுப்பு நிறத்துல பெரிய வட்டம், கீழ ஒரு நீல வாளி, நான் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே ஒரு சொட்டு. எங்க குளியலறைத் தரையிலருந்து இறங்குது. ரொம்ப நாளா லேசா இருந்துச்சாம், நாங்க வந்த அப்புறம் பிள்ளைங்க ரெண்டு வேளை குளிக்க குளிக்க அதிகமாயிடுச்சு. கோலிகுண்டு வாசல் பக்கம் ஓடுனப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். பழைய வீடு இருக்கறது இருக்கறபடிதான் வாங்கறோம், ஆன்ட்டிகிட்ட போய் கேக்கவும் முடியாது, கேக்கவும் மனசு வரல.

எச்டிபிகிட்ட சொன்னோம், இதுக்குன்னே ஒரு பழுதுபார்ப்பு உதவித் திட்டம் இருக்கு, செலவுல பாதி அவங்க, கால் பங்கு மேல் வீடு, கால் பங்கு கீழ் வீடு. மாச்சிக் தனியா இருக்கறவங்க, அவங்க பங்கையும் நாங்களே சேத்துக் கட்டிட்டோம். மூணு நாள் குளிக்க அத்தை வீட்டுக்குப் போனோம், அந்த 4 கிலோமீட்டருக்குள்ள வாங்குனதோட அருமை அப்பதான் தெரிஞ்சுது. இப்ப வாரம் ஒருதடவ கீழ போய் அண்ணாந்து அவங்க சீலிங்க பாத்துட்டு வர்றேன். போன வாரம் போனப்ப அந்த நீல வாளி கழிவறையில இல்ல, வாசல்ல பாண்டான் செடி பக்கத்துல தண்ணி நிரப்பி வச்சிருந்தாங்க.